நான் மறைத்த முகம்

சென்ற மாதம் சிட்னியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். தமிழ்ப் பிள்ளை. நாடகப் பள்ளியை முடித்து இரண்டு வருடமாகிறது. இப்போது ஒரு தொலைக்காட்சித் தொடரில் மருந்துக் கடைக்காரியாக வருகிறாள். முதல் பத்து நிமிடம் சுகம் விசாரித்தாள், என் பழைய தொடர்களைப் புகழ்ந்தாள். பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அன்ரி, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே? பலெர்மோவிலை படம் எடுக்கேக்கை, பக்கத்திலை நிண்ட ஒரு துணை நடிகையின்ரை முகம் கமராவிலை விழக்கூடாதெண்டு நீங்கள் வேணுமெண்டே மறைச்சனீங்களாம். உண்மையோ?"

"ஆர் சொன்னது?"

"ஒரு கமராக்காரர். அவருக்கு வேறை ஆரோ சொன்னதாம்."

"உண்மைதான்" என்றேன்.

பாவம், நான் மறுப்பேன் என்று நினைத்திருப்பாள். காரணத்தை உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் காரணம் எனக்கு மட்டும் சொந்தமானது அல்ல. உரியவரிடம் அனுமதி கேட்டேன், கிடைத்தது. நடிப்பை விட்டு வீட்டில் இருக்கும் எனக்கு நேரமும் நிறைய இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தபோது எனக்குப் பதினாறு வயது. அப்பாவின் ஆசைக்குத் தட்டெழுத்துப் படித்தேன். என் ஆசைக்கு நாடகப் பள்ளியில் இரண்டு வருடம். அங்கே விழுவது எப்படி, மூச்சை வயிற்றிலிருந்து எடுப்பது எப்படி, வாள் சுழற்றுவது எப்படி என்றெல்லாம் கற்றுத் தந்தார்கள். முப்பது வருடத் தொழிலில் என் கையில் ஒருவரும் வாள் தரவில்லை. தட்டுத்தான் தந்தார்கள். தேநீர்த் தட்டு, மருந்துத் தட்டு, சத்திரசிகிச்சைத் தட்டு.

முதல் நிரந்தர வேலை ஒரு வைத்தியசாலைத் தொடரில் தாதி. "டொக்டர், ஆறாம் கட்டில்" என்பது என் வசனம். சில வாரங்களில் கட்டில் இலக்கம் மாறும். முதல் வருடம் என் பாத்திரம் இந்தியப் பெண். மூன்றாம் வருடம் ஒரு காட்சியில் என் அம்மா பீஜியில் இருக்கிறார் என்று வந்தது. ஐந்தாம் வருடம் நான் மலேசியாவுக்கு லீவில் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கதை எழுதுபவரிடம் போய், "என் அம்மா எந்த ஊர் என்று ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று கேட்டேன். அடுத்த வாரமே அம்மாவைச் சாகடித்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்தத் தொடரை நான் குறை சொல்லமாட்டேன். தொழில் படித்தது அங்கேதான். எந்தக் கையில் தட்டை ஏந்தினோமோ அடுத்த டேக்கிலும் அதே கையில் ஏந்த வேண்டும். எந்தச் சொல்லில் திரும்பினோமோ அதே சொல்லில் திரும்ப வேண்டும். முக்கியமானது அடையாளம். கமரா எங்கே நம்மைத் தெளிவாகப் பார்க்குமோ அந்த இடத்தில் தரையில் ஒரு நாடாத் துண்டு ஒட்டியிருப்பார்கள். நடந்து வந்து அதில் நிற்க வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் படம் பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. முதலில் நாடாவில் போய் நின்று, அங்கிருந்து காலடிகளை எண்ணிக்கொண்டு பின்னோக்கி நடந்து புறப்படும் இடத்துக்குப் போக வேண்டும். பிறகு அதே எண்ணிக்கையில் முன்னால் வந்தால் கால் தானாக நாடாவில் நிற்கும். ஆறு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அடையாளம் தவறியதில்லை. படப்பிடிப்புத் தளத்தில் எனக்கு 'அளவு நாடா' என்றே பட்டப்பெயர். அழகி என்றோ பெரிய நடிகை என்றோ என்னை ஒருவரும் அழைத்ததில்லை. அந்தப் பட்டப்பெயரை நான் ஒரு பதக்கம் மாதிரி வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், முப்பத்தெட்டு வயதில், எனக்குப் பலெர்மோ கிடைத்தது. இத்தாலியர்களும் அவுஸ்திரேலியர்களும் சேர்ந்து எடுத்த ஆறு பகுதித் தொடர். பலெர்மோவில் ஒரு வயோதிபச் சீமாட்டியின் வீட்டில் வேலை செய்யும் யாழ்ப்பாணப் பெண் கமலாதான் கதாநாயகி. முதல் தடவையாக என் பாத்திரத்துக்கு ஒரே ஊரும் ஒரே அம்மாவும் இருந்தார்கள். விமானத்தில் முழுவதும் திரைக்கதையை மடியில் வைத்திருந்தேன், யாராவது பறித்துவிடுவார்கள் என்பது போல.

இயக்குநர் பெயர் நீனோ. அறுபது தாண்டிய, குள்ளமான சிசிலிக்காரர். முழங்கால் இரண்டும் பழுது. மற்ற இயக்குநர்கள் கோபம் வந்தால் கத்துவார்கள். நீனோவின் குரல் கோபம் ஏற ஏறத் தணியும். அவர் சொல்வதைக் கேட்க நாங்கள் கழுத்தை நீட்டத் தொடங்கினால், நிலைமை மோசம் என்று அர்த்தம்.

அடையாள நாடாவை ஒட்டுவது உதவியாளரின் வேலை. நீனோ அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். முதலில் நாடா இல்லாமல் மூன்று தடவை நடக்கச் சொல்வார். என் முகத்தைப் பார்க்கமாட்டார், காலையே பார்த்துக்கொண்டிருப்பார். கால் எங்கே தானாக நிற்கிறதோ அங்கே முனகிக்கொண்டு முழந்தாளிட்டு, மஞ்சள் நாடாவைப் பல்லால் கிழித்து ஒட்டுவார். எழும்பும்போது என் தோளைப் பிடித்துத்தான் எழும்புவார். இரண்டாம் வாரத்தில் அவர் கேட்காமலே நான் தோளைக் கொடுக்கப் பழகிவிட்டேன்.

மூன்றாம் வாரம் கபோ சந்தைப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டில் பொலிஸ் அலுவலகக் காட்சி. வெளிநாட்டுக்காரர் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக வரிசையில் நிற்கும் காட்சி. அந்தத் தெருவை எங்களுக்கு அந்த ஒரு நாள், பின்னேரம் ஐந்து மணிவரைக்கும்தான் தந்திருந்தார்கள். வரிசையில் நிற்பதற்கு உண்மையான தமிழர்களே வேண்டும் என்று நீனோ சொல்லியிருந்தார். சிவென் என்ற மொரிசியஸ் தமிழர் ஒருவர், வீட்டு வேலை செய்யும் நம் சனம் முப்பது பேரை அழைத்து வந்தார். பாதிப் பேர் பெண்கள்.

காலையிலேயே தயாரிப்பு நிர்வாகி ரெனாத்தா அவர்கள் முன்னால் போய் நின்றார். "பெர்மெஸ்ஸோ இல்லாதவர்கள் இப்போதே போய்விடுங்கள். பிறகு ஒருவர் அகப்பட்டாலும் முழுப் பேரையும் அனுப்பிவிடுவேன்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஒருவரும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து, பொலிஸ் வேடம் போட்ட நான்கு இத்தாலியர்கள் கடலைமாப் பொரியல் வைத்த பாணைக் கடித்துக்கொண்டு மூலையால் வந்தார்கள். முழுச் சீருடை. வரிசை அப்படியே விறைத்துவிட்டது. ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடத் தயாரானாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"பயப்பிடாதேங்கோ, அவை பொய்ப் பொலிஸ். நடிகர்மார்."

"பொய்ப் பொலிசுக்கும் தெரிஞ்ச மெய்ப் பொலிஸ் இருக்கும்தானே அக்கா" என்றாள் அந்தப் பெண். செருப்பைக் கீழே போட்டாள், ஆனால் காலில் மாட்டவில்லை.

அவள்தான் வதனி. முப்பது வயதிருக்கும். அகன்ற நெற்றி, பெரிய கண். யாராவது கதைத்தால் அந்தக் கண் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அவளை வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள்.

காட்சி இதுதான். கதவு திறக்கிறது. வரிசை நகர்கிறது. நான் ஒன்பது காலடி நடந்து, கடைசிப் படிக்குக் கீழே நிற்கிறேன். பொலிஸ்காரர், "நாளைக்கு வா" என்கிறார். "நாளைக்கும் இதைத்தான் சொல்வீர்கள்" என்று நான் இத்தாலிய மொழியில் சொல்கிறேன். அவ்வளவுதான். ஒத்திகை பார்த்தோம். நீனோ கண்ணில் கமரா வில்லையை வைத்து வரிசையை மெல்ல அளந்துகொண்டு வந்தார். கடைசி ஆளிடம் போய் நின்றுவிட்டார். பிறகு வதனியின் கையைப் பிடித்து அழைத்து வந்து எனக்குப் பின்னால், இடது தோளோடு ஒட்டி நிறுத்தினார்.

"நீ பொலிஸ்காரனைப் பார். இவள் உன்னைப் பார்க்கட்டும். உன் முகமும் இவள் முகமும். வேறு ஒன்றும் வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னது சரி. வதனியின் முகம் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்தியிருக்கும். எனக்கே அது தெரிந்தது. வெளிச்சக்காரர் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"அக்கா, என்ரை முகம் ரீவியிலை வருமோ?"

"ஓம். வடிவா வரும்."

"ஐயோ அக்கா, முதுகுதான் எடுப்பினம் எண்டு சொல்லித்தான் சிவென் அண்ணை கூட்டிக்கொண்டு வந்தவர். எனக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை. இதைப் பாத்து ஆரும் விசாரிச்சால் பிடிச்சு அனுப்பிப்போடுவினம். அங்கை எனக்கு ஒருத்தரும் இல்லை அக்கா. இவரும் பிள்ளையும் இஞ்சை."

"அப்ப ஏன் காலமை சொல்லேல்லை?"

"சொன்னால் எல்லாரையும் அனுப்புவன் எண்டவதானே. இதிலை நிக்கிற பாதிப் பேர் என்னை மாதிரித்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் நீனோவிடம் போனேன். "அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கிறதாம், வேறு யாரையாவது நிறுத்துவோமா?" என்று கேட்டேன்.

"வெட்கமா? மிக நல்லது. மூன்று வாரமாக ஒரு வெட்கப்படும் முகத்தைத்தான் தேடுகிறேன்" என்று சிரித்தார்.

உண்மையை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். பக்கத்தில் ரெனாத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீனோ நல்லவர்தான். ஆனால் அவரை நான் அறிந்து மூன்று வாரம்தான். முப்பது பேரின் விஷயத்தை மூன்று வார நம்பிக்கையில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. என் இடத்துக்குத் திரும்பிப் போனேன். நாடாவில் நின்று ஒன்பது காலடி பின்னோக்கி எண்ணினேன். பிறகு, தொழிலுக்கு வந்த நாள் முதல் செய்யாத ஒன்றைச் செய்தேன். நாடாவுக்கு அரை அடி இடப்பக்கம் ஓர் உடைந்த கல் இருந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன். அங்கே நின்றால் என் தலை வதனியின் தலையை முழுவதும் மறைக்கும்.

முதல் டேக். நடந்தேன், கல்லில் நின்றேன், வசனத்தைச் சொன்னேன். கமராக்காரர் தலையைத் தூக்கி, "மறைக்கிறாள்" என்றார். நீனோ, "அரை அடி வலப்பக்கம், மனோ" என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது டேக். மறுபடியும் கல். நீனோ கையைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பினார். சந்தையில் மீன்காரர் கூவிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது டேக்கிலும் கல்லில் போய் நின்றபோது, கமராக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். ஐந்தாறு பேர் சிரித்தார்கள். என் இத்தாலியன் அதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு வடிவான பெண் நின்றால் நம் கதாநாயகிக்குப் பொறுக்காது என்று சொன்னார். காது இரண்டும் சுட்டது. நான் தலையைத் திருப்பவில்லை. வதனியின் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது.

நீனோ எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. கழுத்தை நீட்டினேன். "காலைத் தூக்கு" என்றார், மூச்சுப் போன்ற குரலில். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் முனகிக்கொண்டு முழந்தாளிட்டார். பழைய நாடாவை உரித்தார். கீழேயிருந்து என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் இடுப்புக்கு அருகால் வதனியைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் தன் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் ஒரு புதிய துண்டைப் பல்லால் கிழித்து, அந்த உடைந்த கல்லின் மேல் ஒட்டினார்.

"இங்கே நிற்பதுதான் உனக்கு வசதி போலிருக்கிறது" என்றார்.

"நீனோ, பின்னால் நிற்பவளின் முகம் முழுவதும் போய்விடும்!" என்று கமராக்காரர் கத்தினார்.

"எனக்குக் கண் தெரியும்" என்றார் நீனோ. நான் தோளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழும்பினார்.

நான்காவது டேக் சரியாக வந்தது. "நாளைக்கும் இதைத்தான் சொல்வீர்கள்" என்ற அந்த ஒரு வரியைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. நான் அதை நடுங்க வைக்கவில்லை. தொடரைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் அந்த நடுக்கத்தைப் பாராட்டின.

அடுத்த வியாழன் பின்னேரம் வதனி என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். வீட்டு வேலைக்காரருக்கு அரை நாள் ஓய்வு கிடைப்பது வியாழனில்தான். அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இரண்டு அறை. இடியப்பமும் சொதியும் செய்திருந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் என்னிடம் சிசிலிக்காரர் மாதிரிக் கையை ஆட்டி ஆட்டி இத்தாலியனில் கதைத்தாள்.

"உங்களுக்கு என்னாலை கரைச்சலோ அக்கா?"

"ஒரு கரைச்சலும் இல்லை" என்றேன்.

அவள் நம்பவில்லை. கதையை மாற்ற, அடுத்த நாள் நான் நிலம் துடைக்கும் காட்சி இருப்பதைச் சொன்னேன். "எப்பிடித் துடைப்பீங்கள், செய்து காட்டுங்கோ" என்று ஈரத் துடைப்பானைக் கையில் தந்தாள். வாசலில் இருந்து துடைக்கத் தொடங்கினேன். அவளும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வாசலிலை துவங்கினால் பிறகு எப்பிடி வெளியாலை வாறது? ஈரத்துக்குள்ளை மூலையிலை நிண்டு அழுகிறதோ? அந்தத் தொங்கலிலை துவங்கிப் பின்னுக்குப் பின்னுக்கு வரவேணும். வீட்டுக்காரச் சிஞ்ஞோரா பாக்கேக்கை நடுவிலை நிக்கக் கூடாது. தண்ணியைப் பிழியேக்கை முகத்தைச் சுழிக்கக் கூடாது."

அன்று மாலை முழுவதும் அந்த இரண்டு அறையையும் நான்கு தடவை துடைத்தேன். மறுநாள் காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. எங்கே படித்தாய் என்று நீனோ கேட்டார். ஒரு தோழி வீட்டில் என்றேன்.

படப்பிடிப்பு முடிந்த அன்று எல்லோருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் மதிய விருந்து. நீனோ தன் பக்கத்தில் எனக்கு இடம் வைத்திருந்தார். சிப்பிகளை உடைத்து என் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் மெல்லக் கேட்டேன், "அன்றைக்கு உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"முதலில் நானும் பொறாமை என்றுதான் நினைத்தேன்" என்றார். "பிறகு உன் காலைப் பார்த்தேன். தவறுகிறவளின் கால் மூன்று தடவையும் மூன்று இடத்தில் நிற்கும். உன் கால் மூன்று தடவையும் அதே கல்லில் நின்றது."

"அது நான் வேண்டுமென்று செய்தேன் என்பதைத்தானே காட்டும்? காரணத்தை?"

"காரணம் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. என் சித்தப்பா உங்கள் அவுஸ்திரேலியாவில்தான் கரும்பு வெட்டினார். கப்பலில் இருந்து இறங்கி ஓடியவர். கடதாசி கிடையாது. அங்கே ஒரு கலியாணத்தில் எடுத்த படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். சித்தப்பா மட்டும் மதிலைப் பார்த்துக்கொண்டு தொப்பியின் விளிம்பைப் பிழிகிறார்." இன்னொரு சிப்பியை உடைத்தார். "என்னிடம் நீ சொல்லியிருக்கலாம். சொல்லாததும் சரிதான். ரெனாத்தாவுக்குக் காது நீளம்."

கமராக்காரரிடம் அவர் ஒன்றும் விளக்கவில்லை. நானும் விளக்கவில்லை. விளக்கினால் விஷயம் வெளியே வரும். ஆகவே பொறாமைக் கதை எனக்கு முன்னாலேயே மெல்பேர்னுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு தயாரிப்பாளர், "பக்கத்தில் அழகானவர்கள் நின்றால் பரவாயில்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. 'அளவு நாடா' என்று ஒருவரும் பிறகு அழைக்கவில்லை. அது நோகவில்லை என்று சொன்னால் பொய். சில காலைகளில் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று அந்தக் கமராக்காரருக்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றாகவே சொன்னேன். கண்ணாடி மட்டும் கேட்டது.

தொடர் நன்றாகப் போனதால் அடுத்த வருடம் இரண்டாம் பாகம் எடுக்கப் போனோம். இடையில் இத்தாலிய அரசு, வேலை கொடுப்பவர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால் அனுமதி தருவதாக அறிவித்திருந்தது. வதனி வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா இரண்டு மாதம் யோசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாராம். இதை நான் வதனி வாயால் கேட்டது பல்லாரோ சந்தையில், படப்பிடிப்பின் இரண்டாம் நாள். கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். மஞ்சள் சேலை, தலையில் பூ. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த பெர்மெஸ்ஸோவை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, இப்ப அந்தக் கிழவனுக்குச் சொல்லுங்கோ, என்ரை முகத்தை எடுக்கட்டாம்."

நான் சொன்னேன். நீனோ அவளை மேலும் கீழும் பார்த்தார். அன்றைய திட்டத்தில் இல்லாத காட்சி. ரெனாத்தா கைக்கடிகாரத்தைத் தட்டினார். நீனோ மிக மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். ரெனாத்தா கையைக் கீழே போட்டார்.

கமலா சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது எதிரே ஒரு தமிழ்ப் பெண் வருகிறாள், நின்று பார்க்கிறாள், போகிறாள். அவ்வளவுதான் காட்சி. என்னைச் சட்டகத்துக்கு வெளியே போகச் சொன்னார் நீனோ. வதனிக்கு நாடா ஒட்டினார். நான் அவளுக்குப் பின்னோக்கி எண்ணக் கற்றுக் கொடுத்தேன். அவள் எண்ணினாள், சரியாக வந்து நின்றாள், நேரே கமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கமராவைப் பார்க்கக் கூடாது என்று சொன்னோம். இரண்டாவது டேக்கிலும் பார்த்தாள். ஐந்தாவதிலும் பார்த்தாள். மரக்கறிக்காரர் எல்லோரும் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். கமராக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விடு" என்றார் நீனோ. "பார்க்கட்டும். கமராவை ஓட்டு."

ஆறாவது டேக் முடிந்ததும் வதனி என்னிடம் ஓடி வந்தாள். வியர்வையில் பூ நெற்றிக்குச் சரிந்திருந்தது.

"அக்கா, நான் வந்தனானோ?"

"ஓம் வதனி" என்றேன். "முழுசா வந்தனீர்."